தேக்கா, பலாவா, வேங்கையா, பழைய பர்மாவா? வீட்டுக்கு மரம் தேடி அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டது

கட்டிலுக்கு அடியில பெருக்கும்போது கோலமாவு மாதிரி நைஸா ஒரு பொடி கிடக்குதுன்னு அம்மா சொன்னப்போ, செவுத்துல இருந்து உதிர்ற சுண்ணாம்புன்னுதான் முதல்ல நெனச்சோம். பெருக்கித் தள்ளினா மறுநாள் காலையில அதே இடத்துல அதே பொடி. நாலாவது நாள் டார்ச் அடிச்சுப் பாத்தா, கட்டிலோட பக்கச் சட்டத்துல உள்பக்கமா குண்டூசியால குத்தின மாதிரி வரிசையா ஓட்டை. வாங்கி ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, பில்லுல தெளிவா தேக்குன்னு போட்டிருக்கு, தேக்கு தவிர வேற மரம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னு வாங்கின கட்டில் அது.

வேற ஏதோ மரத்தை தேக்குன்னு தலையில கட்டிட்டாங்கன்னு நாங்களே முடிவு பண்ணி எங்க தெரு ஆசாரியைக் கூப்பிட்டு காட்டினோம். அவரு உளியால பாலிஷை ஒரு இன்ச் அளவுக்கு சுரண்டினாரு, உள்ள பால் கலர்ல வெளுப்பா மரம். "தேக்குதான் தம்பி, அதுல பொய் இல்ல. ஆனா இது தேக்கோட வெள்ளை. மேல டார்க் பாலிஷ் போட்டு மூடியிருக்காங்க"ன்னாரு.

இப்போ திருச்சில புது வீட்டுக்கு ஒரு டபுள் காட், ஆறு பேர் உக்கார்ற டைனிங் டேபிள், சேர், அப்புறம் பையனுக்கு ஒரு ஸ்டடி டேபிள் எல்லாம் செய்யணும். இந்த தடவை பேரைக் கேட்டு வாங்குறதில்லன்னு முடிவு பண்ணி நாலு மாசமா டிம்பர் டிப்போ, மரவாடி, காரைக்குடி பழைய சாமான் கடை, ஷோரூம், ஆன்லைன்னு எல்லாத்தையும் பாத்துட்டேன். எதை எதோட ஒப்பிட்டேன், எது எதுக்கு ஆகும்னு எனக்குப் பட்டதை எழுதுறேன், மரம் எடுக்கப் போறவங்களுக்கு உதவும்.

முதல்ல அந்த வெள்ளை விஷயத்தை சொல்லிடறேன், ஏன்னா மத்த எல்லாமே அதுக்கு அப்புறம்தான். ஒரு மரத்தை குறுக்க வெட்டினா பட்டைக்கு அடுத்து வெளிர் கலர்ல ஒரு வளையம் இருக்கும், அதுதான் வெள்ளை, மரம் உயிரோட இருந்தப்போ வேர்ல இருந்து தண்ணி ஏத்தின பகுதி, அதுல ஸ்டார்ச் தங்கியிருக்கும், அந்த மாவுச்சத்துதான் வண்டுக்கு சாப்பாடு. அதுக்கு உள்ள கருத்து இறுகி இருக்குறது சேகு, வைரம் பாஞ்ச மரம்னு நம்ம பெரியவங்க சொல்றது இதைத்தான். மரம் வயசாக வயசாக எண்ணெய், பிசின்னு தனக்கு பாதுகாப்பா இருக்குற சங்கதியை எல்லாம் கொண்டு போய் சேத்து வைக்கிற இடம் இந்த சேகுதான். தேக்குல கரையான் ஏறாது, தேக்கு உளுக்காதுன்னு நாம காலகாலமா சொல்றோமே, அது முழுக்க சேகைப் பத்தின பேச்சு. தேக்கோட வெள்ளைக்கு அந்தப் பெருமையில ஒரு துளியும் கிடையாது. இப்படி யோசிச்சா எந்த மரம்ங்கிற கேள்விக்கு முன்னாடி அந்த மரத்துல எந்தப் பகுதின்னு ஒரு கேள்வி இருக்கு, வாங்குறவங்க யாரும் அதைக் கேக்குறதே இல்ல, நாங்களும் கேக்கல.

வாங்குறவங்க மரத்தை எப்படி பாக்குறாங்கன்னு டிப்போல நின்னு ஒரு மணி நேரம் பாத்தாலே தெரிஞ்சுடும். முதல்ல பேர் கேப்பாங்க, அப்புறம் ஒரு முனையைத் தூக்கிப் பாத்து கனமா இருந்தா நல்ல மரம்னு தலையாட்டுவாங்க, கலர் கருப்பா இருந்தா பழைய மரம்னு சந்தோஷப்படுவாங்க, கடைசியா கன அடி என்ன விலைன்னு கேட்டு பக்கத்து கடையோட ஒப்பிடுவாங்க. இந்த நாலுமே நம்மள ஏமாத்தக்கூடியது. கனம்ங்கிறது ஈரத்தாலயும் வரும், போன மாசம் அறுத்த பச்சை மரம் காஞ்ச மரத்தைவிட எவ்வளவோ கனமா இருக்கும், அதை வைரம்னு நெனச்சு வாங்கிட்டுப் போனா ஆறு மாசத்துல சட்டம் முறுக்கிக்கும். கலர் கேக்கவே வேணாம், புதுசா சீவின தேக்கு பச்சையும் மஞ்சளும் கலந்து திட்டுத் திட்டாத்தான் இருக்கும், வெளிச்சம் பட்டு பட்டுத்தான் அந்த தேன் கலருக்கு வரும். கடையில எல்லா பலகையும் ஒரே மாதிரி காபி கலர்ல இருந்தா அது மரத்தோட கலர் இல்ல, மேல பூசின ஸ்டெயின் சாயத்தோட கலர்.

ஆசாரி பாக்குறது வேற மாதிரி. அவரு கூட மூணு தடவை டிப்போக்குப் போனேன், பேர் போர்டை அவரு படிக்கவே இல்ல. நேரா பலகையோட வெட்டு முகத்துக்குப் போவாரு, எச்சியோ தண்ணியோ தொட்டு அதை நனைப்பாரு, நனைஞ்சதும் வெள்ளை எது சேகு எதுன்னு கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரியும். மரத்தோட நட்ட நடு மையம் அந்தப் பலகைக்குள்ள வந்திருக்கான்னு பாப்பாரு, வந்திருந்தா எடுக்க மாட்டாரு, மையம் இருக்குற பலகை என்னைக்கா இருந்தாலும் பொளக்கும்னு சொல்வாரு. அப்புறம் பலகையை ஒரு கண்ணை மூடிட்டு நீளவாக்குல துப்பாக்கி குறி பாக்குற மாதிரி பாப்பாரு, முறுக்கு இருந்தா அதுல தெரிஞ்சுடும். கணு இருந்தா விரலால அமுக்குவாரு. சுத்தியும் மரத்தோட ஒட்டி இறுக்கமா இருக்குற கணுவால பிரச்சனை இல்ல, கருப்பு வளையம் விட்டு தனியா நிக்குற செத்த கணு நாளைக்கு கழண்டு விழும். கடைசியா பலகையைத் தூக்கி கன்னத்துல ஒரு நிமிஷம் வெச்சுப் பாப்பாரு. ஜில்லுன்னு இருந்தா உள்ள ஈரம். நான் ஆன்லைன்ல ஒரு ஈரம் அளக்குற மீட்டர் வாங்கிட்டுப் போயி பின்னாடியே குத்திப் பாத்தேன், அவரு கன்னம் சொன்னதும் மீட்டர் சொன்னதும் பெருசா வித்தியாசம் வரல.

ஈரத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், சேகுக்கு அடுத்த முக்கியமான விஷயம் இதுதான். நம்ம ஊர் வீட்டுக்குள்ள வைக்கிற ஃபர்னிச்சருக்கு மரத்துல ஈரம் 10ல இருந்து 12 சதவீதம் வரைக்கும் இருந்தா நல்லது. டிப்போல நான் குத்திப் பாத்த பலகையில பாதிக்கு மேல 18, 20, 22ன்னு காட்டுச்சு. அதனால என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மூணு அடி அகல டேபிள் டாப்பை 20 சதவீத ஈரத்துல இருக்குற தேக்குப் பலகையை ஒட்டி செஞ்சு அது வீட்டுக்குள்ள காஞ்சு 12க்கு வந்தா, அறுத்த வாக்கைப் பொறுத்து அகலத்துல அரை இன்ச் வரைக்கும் சுருங்கும். அந்த அரை இன்ச் எங்கயாவது போயே ஆகணும், ஒன்னு ஒட்டின இடத்துல பொளக்கும், இல்ல பலகை படகு மாதிரி வளையும். தேக்கு மத்த மரத்தைவிட கம்மியா சுருங்குற மரம், அதுக்கே இந்தக் கணக்கு. பழைய ஆசாரிங்க ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு சொல்வாங்க, சூளையில வெச்சு காய வெச்சா சில வாரத்துல முடியும், ஆனா காய வெச்சதுன்னு கடைக்காரர் வாயால சொன்னா பத்தாது, மீட்டரை வெச்சுப் பாத்துடுங்க. பலகையோட முனையில குத்தாம நடுவுல குத்துங்க, முனை எப்பவுமே சீக்கிரம் காஞ்சிருக்கும்.

அறுக்குற விதமும் இருக்கு. மலை மலையா வளைவு விழுந்த ரேகை இருக்குற பலகை பாக்க அழகு, ஷோரூம்ல எல்லாரும் தடவிப் பாக்குறது அதைத்தான், ஆனா நேர்கோடு நேர்கோடா ரேகை ஓடுற பலகையைவிட அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு சுருங்கும். அதனால ஆசாரி நேர்வரிப் பலகையை டேபிள் டாப்புக்கும் கதவு சட்டத்துக்கும் ஒதுக்கிட்டு, வளைவு ரேகை இருக்குற பூ விழுந்த பலகையை கட்டில் தலைமாட்டுல நடுப்பலகையா, சட்டத்துல எடுத்த பள்ளமான காடிக்குள்ள சொருகி வைப்பாரு, அங்க அது சுருங்கினாலும் விரிஞ்சாலும் இடம் இருக்கும். ஒரே மரத்துல இருந்து வந்த பலகையிலேயே எது எங்க போகணும்னு பிரிக்கத் தெரியுறதுதான் நல்ல ஆசாரிக்கு அடையாளம்னு எனக்குத் தோணுது.

சரி, இப்போ ஒவ்வொரு மரமா வர்றேன்.

புது தேக்குல ரெண்டு வகை நமக்குக் கிடைக்குது. ஒன்னு நாட்டுத் தேக்கு, நம்ம ஊர் தோட்டத்து மரம், கேரளா மரம் எல்லாம் இதுல வரும். நிலம்பூர் தேக்குக்குன்னு தனி மரியாதை உண்டு, 1840கள்ல மலபார் கலெக்டரா இருந்த கானோலி அங்க தேக்குத் தோட்டம் போட ஆரம்பிச்சாரு, அந்தத் தோட்டத்துல ஒரு பகுதி இன்னைக்கும் நிக்குது. அங்கெல்லாம் 50, 60 வருஷம் வளர விட்டு வெட்டுற வழக்கம். ரெண்டாவது, கப்பல்ல வர்ற தேக்கு. கானா, ஈக்வடார், கோஸ்டா ரிக்கா, பிரேசில்னு பல ஊர்ல இருந்து வருது, தூத்துக்குடி பக்கம் நிறைய இறங்குது. இதுல பெரும்பகுதி தோட்டத்துல 20, 25 வருஷத்துக்குள்ள வெட்டின மரம், சுற்றளவு சின்னது, அதனால வெள்ளை அதிகம். மர வளையம் அகலமா இருந்தா பலம் கம்மின்னு பலபேர் சொல்வாங்க, தேக்கு விஷயத்துல அது அவ்வளவு சரியில்ல, வேகமா வளர்ந்ததாலயே தேக்கோட பலம் குறைஞ்சுடாது. பிரச்சனை வயசு. சின்ன வயசு மரத்துல சேகு கம்மி, இருக்குற சேகுலயும் எண்ணெய் அவ்வளவா ஊறியிருக்காது. அதனால எந்த நாடுன்னு கேக்குறதைவிட அறுத்து வெச்சிருக்குற சைஸ் மரத்துல வெள்ளை எவ்வளவு இருக்குன்னு பாக்குறதுதான் உருப்படியான கேள்வி.

விலையையும் அப்படித்தான் பாக்கணும். உதாரணத்துக்கு, ஒரு கடையில கன அடி 3000 ரூபாய், இன்னொரு கடையில 4000னு வெச்சுக்குவோம். 3000 ரூபாய் மரத்துல வெள்ளையும் வெடிப்பும் கழிச்சா நூத்துக்கு 60தான் தேறுதுன்னா உங்களுக்கு உண்மையில விழுற விலை 5000. 4000 ரூபாய் மரத்துல 85 தேறினா ஏறக்குறைய 4700. விலை கம்மின்னு எடுத்த மரம்தான் அதிக விலை மரம். அப்புறம் கன அடி கணக்கை நீங்களே போட்டுப் பழகிக்குங்க, நீளம் அடியில, அகலமும் கனமும் இன்ச்ல, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. கட்டிலோட பக்கச் சட்டம் ஆறரை அடி நீளம், ஆறு இன்ச் அகலம், ஒன்றரை இன்ச் கனம்னா 0.4 கன அடி சொச்சம் வரும். ஒரு இன்ச் பலகைன்னு நாம காசு கொடுத்தாலும் இழைச்சு முடிச்சா முக்கால் இன்ச்தான் கையில நிக்கும்ங்கிறதையும் மனசுல வெச்சுக்கணும், ஒரு இன்ச் டாப் வேணும்னா ஒன்னேகால்ல எடுக்கணும்.

பர்மா தேக்குன்னு சொல்லி இப்பவும் விக்குறாங்க. 2014 ஏப்ரல்ல இருந்து மியான்மர் உருட்டு மரத்தை ஏற்றுமதி பண்றதையே நிறுத்திடுச்சு, அறுத்த சைஸ் மரமாத்தான் வெளிய விடணும்னு. அதனால டிப்போல பெரிய உருட்டைக் காட்டி போன வருஷம் பர்மால இருந்து வந்ததுன்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிதானமா கேள்வி கேளுங்க.

எனக்கு இந்த தேடல்ல ரொம்பப் பிடிச்சது பழைய மரம்தான். காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெரு பக்கம் பழைய சாமான் கடை வரிசையா இருக்கும், செட்டிநாட்டு வீடு இடிக்கும்போது வர்ற தூண், உத்தரம், நிலை, பலகை எல்லாம் அங்கயும் சுத்துவட்டாரத்துலயும் கிடைக்கும். நகரத்தார் பர்மாவுல தொழில் பண்ணின காலத்துல கப்பல்ல கொண்டு வந்து இறக்கின தேக்கு, காட்டு மரம், பல மரம் வெட்டும்போதே நூறு வயசு தாண்டியிருக்கும், அதுக்கு மேல வீட்டுல எம்பது தொண்ணூறு வருஷம் நின்னு காஞ்சிருக்கு. மீட்டர் வெச்சா 11, 12ன்னு காட்டுது. ஒரு உத்தரத்தை ஓரமா சீவிக் காட்டினாங்க, மேல புகையும் தூசியும் படிஞ்சு கருப்பா இருந்த மரம் உள்ள தங்கக் கலர்ல வந்துச்சு, தோல் மாதிரி ஒரு வாசனை, தொட்டா மெழுகு தடவின மாதிரி. வெள்ளை பேருக்குக்கூட இல்ல. புது மரத்துல இப்படி ஒரு பலகையை நான் நாலு மாசத்துல பாக்கல.

ஆனா பழைய மரத்துல கஷ்டமும் இருக்கு, அதை மறைச்சா நியாயம் இல்ல. உள்ள பழைய ஆணி முறிஞ்சு புதைஞ்சிருக்கும், ஒரு ஆணி பட்டா மிஷின் பிளேடு போச்சு, அதனால பல மரவாடியில பழைய மரத்தை அறுக்கவே யோசிக்கிறாங்க, அறுத்தாலும் கூலி கூட கேக்குறாங்க. காந்தம் வெச்சுத் தடவி ஒவ்வொரு ஆணியா பிடுங்கணும். துளை போட்ட இடம், காடி எடுத்த இடம் எல்லாம் கழிவு. சுவத்துக்குள்ள பதிஞ்சிருந்த முனை மழைத் தண்ணி குடிச்சு இத்துப் போயிருக்கும், அதனால ரெண்டு முனையிலயும் உளியால குத்திப் பாக்காம எடுக்காதீங்க. இன்னொன்னு, பழசு எல்லாம் பர்மா இல்ல. அதே வீட்டுல உத்தரம் தேக்கா இருக்கும், கூரை ஓட்டைத் தாங்குற வாரிக்கட்டை வேற மரமா இருக்கும், எல்லாத்துக்கும் மேல ஒரே கருப்பு படிஞ்சிருக்கும், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா சீவிப் பாத்துத்தான் எடுக்கணும். சீவிக் காட்ட மாட்டேன்னு சொன்ன ஒரு கடையில இருந்து நாங்க ஒன்னும் எடுக்காம வந்துட்டோம்.

அடுத்து பலா. இதைப் பத்தி பேசும்போது எனக்கு கொஞ்சம் ஆதங்கமே வருது, கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற கதைதான் நம்ம கதை. தஞ்சாவூர் வீணைக்கு பலா, மிருதங்கத்துக்கு பண்ருட்டி பக்கத்து பலா, கேரளாவுல பழைய வீடு, கோயில் வேலையில எல்லாம் பலா. நாதம் நிக்கணும்னா மரம் உள்ள ஒரே சீரா இருக்கணும், காலத்துக்கும் வளையாம இருக்கணும், அவ்வளவு பொறுப்பான வேலைக்கு நம்பி எடுக்குற மரத்தை டைனிங் டேபிளுக்கு கேட்டா டிப்போல ஒரு மாதிரி பாக்குறாங்க. பலாவோட சேகுல கரையான் அவ்வளவு சீக்கிரம் கை வைக்காது. அறுத்த புதுசுல நல்ல மஞ்சளா இருக்கும், அந்தக் கலரைப் பாத்துத்தான் பலபேர் வேணாம்னு போயிடறாங்க, அஞ்சாறு வருஷத்துல அது செவந்து பழுப்பாகி தேக்கைவிட கம்பீரமா வந்து நிக்கும். என் பெரியம்மா வீட்டுல நாப்பது வருஷத்து பலாப் பலகை ஊஞ்சல் ஒன்னு இருக்கு, அது பலான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

பலாவுல குறைன்னா நீளம். மரம் நேரா உயரமா போறதில்ல, கிளை சீக்கிரம் பிரிஞ்சுடும், அதனால ஏழு எட்டு அடிக்கு மேல கணு இல்லாத பலகை கிடைக்குறது கஷ்டம். டிப்போல ஸ்டாக் வெச்சிருக்க மாட்டாங்க, தோட்டத்துல விழுந்த மரம், வெட்டின மரம்னு விசாரிச்சு மரவாடியில அறுத்து நாமதான் காய வெச்சுக்கணும், அதுக்கு ஒரு வருஷம் பொறுமை வேணும். எனக்கு சொன்ன விலை நல்ல தேக்கு விலையில பாதிகூட இல்ல. உருட்டா வாங்கும்போது சுற்றளவை நாலால வகுத்து அதை அதாலயே பெருக்கி நீளத்தால பெருக்குவாங்க. 60 இன்ச் சுற்றளவு, பத்து அடி நீளம்னா 15.6 கன அடி வரும். மரத்தோட உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 20, அந்த வித்தியாசம் பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும்னு விட்டுடறது. அறுத்து வெள்ளை கழிச்ச பிறகு கையில நிக்குறது அதைவிடவும் கம்மியாத்தான் இருக்கும், அதை வெச்சுத்தான் விலை பேசணும்.

வேங்கை பலத்துக்கு நிகரில்ல. வெட்டினா ரத்தம் மாதிரி செவப்புப் பால் வடியும், சர்க்கரை வியாதிக்காரங்க ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சு காலையில குடிக்கிற குவளை செய்யறது இந்த மரத்துலதான். அந்தக் குணமே இதுக்கு ஒரு பரிசோதனையும் கூட. ஒரு கைப்பிடி சீவலை கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டு வெயில்ல வெச்சுப் பாத்தா தண்ணி பழுப்பா மாறி அதுமேல நீலமா ஒரு மினுக்கம் ஓடும். ஆனா ஃபர்னிச்சருக்குன்னு வந்தா ரெண்டு விஷயத்துல யோசிக்க வேண்டியிருக்கு. ஒன்னு கனம், வேங்கையில டபுள் காட் செஞ்சா அடியில கூட்டிப் பெருக்க நகர்த்தணும்னா நாலு பேர் வேணும். ரெண்டு, ஈரம் பட்டா சாயம் விடும், வெள்ளை பெட்ஷீட், வெள்ளைச் சுவர்னு கறை ஏறும், பாலிஷ் நல்லா போடணும். ஆசாரியும் இழைப்புளி அடிக்கடி தீட்டணும்னு கூலி கூட கேப்பாரு, ரேகை ஒன்னுக்கொன்னு எதிர்வாக்கா ஓடுறதால சீவும்போது பிஞ்சுக்கிட்டு வரும். டிப்போல வேங்கைன்னு காட்டுறதுல சிலது ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற படாக், அதே குடும்பத்து மரம்தான், மோசம் இல்ல, ஆனா வேங்கை விலைக்கு வாங்க வேணாம். கட்டில் காலுக்கும் நிலைக்கும் வேங்கையை கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

ஈட்டி மரம், நாம தோதகத்தின்னு சொல்றது, அதை இந்த லிஸ்ட்லயே சேக்கல. பட்டா நிலத்துல நின்னாலும் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1994லேயே தனிச் சட்டம் போடுற அளவுக்கு அது அருகிப் போச்சு. தாத்தா காலத்துப் பொருள் வீட்டுல இருந்தா பத்திரமா வெச்சுக்குங்க, புதுசா தேட வேணாம்னுதான் என் அபிப்ராயம்.

ஆன்லைன்ல ரோஸ்வுட்னு பேர் போட்டு விக்குறது பெரும்பாலும் சீசம், ஜோத்பூர் பக்கம் செய்யறது. சீசமும் ஈட்டியும் ஒரே குடும்பம், சீசம் நல்ல கெட்டி மரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுலயும் வெள்ளை உண்டு, வெள்ளையில வண்டு உண்டு, தேன் கலர் வால்நட் கலர்னு ஸ்டெயின் அடிச்சு வர்றதால எங்க வெள்ளை முடியுது எங்க சேகு ஆரம்பிக்குதுன்னு நமக்குத் தெரியாது. பாக்கணும்னா டேபிளைக் கவுத்து அடிப்பக்கம் பாருங்க, அங்க பாலிஷ் அரைகுறையா இருக்கும், டிராயரோட பின்பலகையையும் பாருங்க. ராஜஸ்தான் வறட்சியில செஞ்ச பொருள் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துக்கு வந்தா ஈரத்தைக் குடிச்சு உப்பும், டிராயர் மழைக்காலத்துல இறுகிக்கும், இதை என் தங்கச்சி வீட்டுல சென்னையிலேயே பாத்துட்டேன். திருச்சிக்கு அந்த அளவு பயம் இல்ல.

ரப்பர் மரத்தை நம்மாளுங்க கேவலமா பேசுறாங்க, எனக்கு அது நியாயமா படல. பால் வடிச்சு முடிச்சு 25, 30 வருஷத்துல எப்படியும் வெட்டப் போற மரம், அதுக்காக ஒரு காடும் அழியப்போறதில்ல. மாவுச்சத்து ரொம்ப அதிகம், அதனால வெட்டின உடனே மருந்து ஏத்தி சூளையில காய வெக்கணும், அதை ஒழுங்கா செஞ்ச கம்பெனி மரம்னா வீட்டுக்குள்ள ஸ்டடி டேபிளுக்கும் சேருக்கும் தாராளமா போதும், வளையாது, ரேகை மெல்லிசா அழகா இருக்கும். தண்ணி படுற இடத்துக்கும் வெளி வராண்டாவுக்கும் மட்டும் வேணாம். மருந்து ஏத்தினதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

மாமரம், தூங்குமூஞ்சி ரெண்டும் இப்போ ஃபேஷனா வருது, தடிமனான ஒத்தைப் பலகை டேபிள்னு, மருந்து ஏத்தாம இருந்தா உளுத்துடும், அதுக்கு மேல இதுல சொல்ல ஒன்னும் இல்ல. பிளைவுட் அலமாரிக்கு சரி, 303, 710னு ஐ.எஸ். நம்பர் (இந்தியத் தர எண்) பாத்து வாங்குங்க, கட்டில் சட்டத்துக்கு வேணாம். தேக்குன்னு சொல்லி பிளைவுட் மேல தேக்குத் தாள் ஒட்டி விக்குறதை கண்டுபிடிக்க, பலகையோட வெட்டு முகத்தைப் பாத்தா போதும், முழு மரம்னா மேல ஓடுற கோடு அங்கயும் தொடர்ந்து வரும், தாள் ஒட்டினதுன்னா வராது.

இவ்வளவும் பாத்த பிறகு நாங்க ஒரே மரம்னு முடிவு பண்ணல, அதுக்கு அப்பாவை சம்மதிக்க வைக்கத்தான் நாள் ஆச்சு. கட்டிலுக்கு நாலு காலும் பக்கச் சட்டமும் காரைக்குடியில எடுத்த பழைய தேக்கு உத்தரத்துல இருந்து, ஏன்னா எடையைத் தாங்குற இடம், வண்டு வந்தா முதல்ல பயம் தர்ற இடம் அதுதான். தலைமாட்டு நடுப்பலகை நாட்டுத் தேக்கு, பூ விழுந்தது, வெள்ளை கழிச்சு வாங்கினது, அதை நாங்க நின்னு ஒவ்வொரு பலகையா முகத்தை நனைச்சுப் பாத்துதான் எடுத்தோம். கடைக்காரருக்கு முதல்ல எரிச்சல், ஆசாரி பேசினதும் அவரே உள்ள இருந்து நல்ல பலகையா எடுத்துப் போட ஆரம்பிச்சுட்டாரு. ஸ்டடி டேபிள் ரப்பர் மரத்துல ரெடிமேடா வாங்கியாச்சு. தூங்குறதுக்கு மெத்தைக்கு அடியில வர்ற குறுக்குப் பட்டைக்கு தேக்கே வேணாம்னு ஆசாரி சொல்லிட்டாரு, மருந்தடிச்ச சாதா மரம் போதும், பத்து வருஷம் கழிச்சு மாத்திக்கலாம்னு. தேக்குதான்னு நின்ன அப்பாவே அதுக்கு சரின்னாரு.

டைனிங் டேபிள்தான் பலா. பெரம்பலூர் பக்கம் தெரிஞ்சவங்க தோட்டத்துல புயல்ல சாஞ்ச மரம், அறுத்து ஒன்னேகால் இன்ச் பலகையா எடுத்துட்டோம், மொத்தம் பதினோரு பலகை தேறுச்சு. ஆசாரி வந்து மாடி ரூம்ல ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ஒரு இன்ச் குச்சி கொடுத்து காத்து போற மாதிரி அடுக்கி, முனையில வெடிக்காம இருக்க பெயின்ட் அடிச்சு, மேல ரெண்டு பழைய அம்மிக்கல்லை ஏத்தி வெச்சுட்டுப் போனாரு. டாப்பை அடிச்சட்டத்தோட பசை போட்டு இறுக்க மாட்டாராம், நீட்டுத் துளை போட்டு ஸ்குரூ வெச்சு பலகை நகர்றதுக்கு இடம் விடுவாராம். போன ஞாயித்துக்கிழமை மீட்டர் குத்தினேன், 19 காட்டுது. அது 12க்கு வர்ற வரைக்கும் நாங்க பாய் போட்டு கீழ உக்காந்து சாப்பிடுறோம்.